வாசலில் கோலம், கதவில் பூட்டு

காவிரிப் படுகையில் உள்ள பாபநாசத்துத் தெரு ஒன்றில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடந்துபோனால், எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்பதைக் கதவைத் தட்டாமலே சொல்லிவிடலாம். வாசல் தெளித்த ஈரம் இன்னும் காய்ந்திருக்காது. அதன்மேல் நாலு இழுப்பில் போட்ட கோலம் பளிச்சென்று தெரியும். வரிசையில் ஒரே ஒரு வாசல் மட்டும் வறண்டு, வேப்பஞ்சருகு படிந்து கிடந்தால் கண் தானாக அங்கே போய் நிற்கும். பால்காரருக்கு அது தெரியும், பேப்பர் போடும் பையனுக்குத் தெரியும். தெரியக்கூடாத ஆளுக்கும் தெரியும்.

கோலத்தின் கணிதத்தைப் பற்றி நம் நாட்டில் நல்ல ஆராய்ச்சிகள் உண்டு. சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1970களில் புள்ளிக் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து, அதைக் கணினி அறிவியலின் ஒரு பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். வீட்டுக் காவலுக்கு வேண்டியது கோலத்தின் இன்னொரு குணம்: அது சீக்கிரம் அழியும். அரிசி மாவில் போட்டால் முற்பகலுக்குள் எறும்புகள் இழைகளை அங்கங்கே அறுத்துவிடும். கல்மாவில் போட்டால் செருப்பும் சைக்கிள் சக்கரமும் அதைத் தேய்க்கச் சாயங்காலம் வரை ஆகும். மறுநாள் காலையில் விளிம்பு மங்கிய கோடுகள் மட்டும் மிஞ்சும். மூன்றாம் நாள் அது வெறும் வெள்ளைக் கறை. ஆகவே பழைய கோலத்தைப் பார்த்தால் அந்த வீட்டார் கிளம்பி எத்தனை நாள் ஆயிற்று என்று கூடக் கணக்குப் போட முடியும். கோலமில்லாத வாசலுக்கு இந்தப் பக்கத்தில் இரண்டே அர்த்தம்தான்: துக்கம், அல்லது வெளியூர்ப் பயணம். துக்க வீட்டில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் அது எரிந்துகொண்டிருக்கும். ஆள் புழங்கும் வீட்டை அடையாளம் காட்டுவது மாற்றம்: கொடியில் நேற்றில்லாத துணி, இடம் மாறிய செருப்பு, திறந்து மூடிய ஜன்னல், புதுக் கோலம். அணையாத விளக்கில் மாற்றமே கிடையாது.

திருடப் போகிறவர் உண்மையில் எதைப் பார்க்கிறார்? இதை அவர்களிடமே கேட்டு எழுதிய ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பால் க்ராம்வெல் குழுவினர் வீடு புகுந்து திருடிய 30 பேரைப் பேச வைத்ததோடு, அவர்கள் முன்பு கைவைத்த வீடுகளுக்கே கூட்டிப்போய், அன்றைக்கு எதைப் பார்த்து எப்படி முடிவெடுத்தார்கள் என்று கேட்டார்கள். 1991-இல் அது புத்தகமாக வந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ரிச்சர்ட் ரைட்டும் ஸ்காட் டெக்கரும் 105 பேரைச் சந்தித்தார்கள். சிறைக்குள் இருப்பவர்களை விட்டுவிட்டு, வெளியே தொழிலில் இருந்தவர்களையே தேடிப் பிடித்தார்கள். அந்தப் புத்தகம் 1994-இல் வந்தது. இரண்டிலும் மேலெழுந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே ஆள் உண்டா? சுவரின் உயரமும் பூட்டின் கனமும் அதற்குப் பிறகுதான். விளக்கு எரிகிறதே என்று அவர்கள் திரும்பிப் போய்விடுவதும் இல்லை. மணியை அடித்துப் பார்ப்பார்கள். யாராவது கதவைத் திறந்தால் இல்லாத ஒரு பெயரைச் சொல்லி, “அவர் வீடு இதுதானே?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். யாரும் திறக்காவிட்டால் பதில் கிடைத்துவிட்டது.

மேலைநாட்டு வீடுகளை வைத்து எழுதிய அறிவுரைகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாமல் போவது கதவருகேதான். அங்கே பூட்டு கதவின் உடம்புக்குள் புதைந்திருக்கும். உள்ளிருந்து பூட்டினாலும் வெளியிருந்து பூட்டினாலும் பார்க்க ஒன்றுபோல. காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் நாதாங்கியை இழுத்துப் போட்டு, பெரிய தொங்கு பூட்டை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். அந்தப் பூட்டு கண்ணுக்குக் கனமாக இருக்கிறது, மனசுக்குத் தைரியமாக இருக்கிறது. ஆனால் வெளிப்பக்கம் தொங்கும் பூட்டு ‘உள்ளே யாரும் இல்லை’ என்று தெருவுக்கே எழுதி வைத்த பலகை. வேறு எந்த அடையாளத்துக்கும் இரண்டு அர்த்தம் இருக்கலாம். இதற்கு ஒன்றே ஒன்று. உள்ளே ஆயிரம் விளக்கு எரிந்தாலும் இந்த ஒரு பூட்டு அத்தனையையும் பொய்யாக்கிவிடும். நாளிதழ்களில் வரும் திருட்டுச் செய்திகளில் ‘பூட்டியிருந்த வீட்டை நோட்டமிட்டு’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் வெளியே தேட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் சாவி போடும் உள்பூட்டு ஒன்றை வாசற்கதவில் பொருத்துவதுதான், இந்த விஷயத்தில் செலவழிக்கிற முதல் பணமாக இருக்க வேண்டும். வெளி கேட்டுக்குச் சங்கிலி போட்டே தீர வேண்டுமானால், கம்பிகளுக்கு இடையே கையை நுழைத்துப் பூட்டை உள்பக்கமாகத் தொங்கவிடுவது நல்லது.

அடையாளங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதற்குக் கொல்லைப்புறத்திலேயே ஓர் ஆசிரியர் பறந்துகொண்டிருக்கிறார். கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியில், பெண் பூச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அவற்றில் ஒரு வகை, ரோஜா அழகி என்ற வேறோர் இனத்தின் சிவப்பும் வெள்ளையும் கலந்த உடையைப் போட்டுக்கொண்டிருக்கும். ரோஜா அழகியின் புழு, நச்சுச் சத்துள்ள ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வதால் பறவைகள் அந்தப் பூச்சியைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகிக்கு அந்த நஞ்சு இல்லை, வேஷம் மட்டும்தான். நஞ்சில்லாதது நஞ்சுள்ளதைப் போலத் தோற்றம் காட்டித் தப்பிப்பதை 1862-இல் ஹென்றி வால்டர் பேட்ஸ் அமேசான் காட்டுப் பூச்சிகளைக் கொண்டு விளக்கினார். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் சக ஆய்வாளர்களும், இந்த வேஷம் முழுவதையும் ஆட்டிவைப்பது ஒரே ஒரு மரபணு என்று 2014-இல் காட்டினார்கள். வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஜப்பானிய ஆய்வு ஒன்றில் இருக்கிறது. வேஷம் போட்ட பெண் பூச்சி, நிறத்தில் மட்டுமல்லாமல் பறக்கும் விதத்திலும் ரோஜா அழகியைப் போலவே நடந்துகொள்கிறது. உடை ஒன்றாகவும் நடை வேறாகவும் இருந்தால் பறவைக்குச் சந்தேகம் வந்துவிடும். கூடத்தில் விளக்கு, கதவில் தொங்கு பூட்டு என்றிருக்கும் வீடும் அப்படிப்பட்டதுதான்.

இனி விளக்குக்கு வரலாம். கடைகளில் டைமர் விற்கிறார்கள். பிளக்கில் சொருகி, சுற்றிலும் உள்ள பற்களை அமுக்கினால் எந்த நேரத்தில் விளக்கு எரிய வேண்டுமோ அந்த நேரத்தில் எரியும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று தினம் 4 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஒரு யூனிட்டும் கொஞ்சமும்தான் செலவு. செலவைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. யோசிக்க வேண்டியது வேறு.

விலை குறைந்த டைமருக்குள் இருப்பது ஒரு சின்ன மோட்டார். மின்சாரம் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறதே, அந்தத் துடிப்புக்கு இசைந்து அது சுழல்கிறது. அந்தச் சுழற்சிதான் அதற்குக் கடிகாரம். கரண்ட் நின்றால் கடிகாரமும் நின்றுவிடும், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்போது ஒரு குடும்பம் பன்னிரண்டு நாள் காசி யாத்திரை போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டைமரில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விளக்கு எரியும்படி வைத்திருக்கிறார்கள். நாலாம் நாள், துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை கரண்ட் இல்லை. டைமர் எட்டு மணி நேரம் பின்தங்கிவிட்டது. அன்றிலிருந்து கூடத்து விளக்கு நள்ளிரவு தாண்டி 2.30-க்கு எரிய ஆரம்பித்து, காலை 6.30-க்கு அணையும். மாலை முழுக்க வீடு இருட்டு, ஊர் உறங்கும் நேரத்தில் மட்டும் வெளிச்சம். இதைவிட ஒன்றும் வைக்காமல் போயிருந்தாலே பரவாயில்லை. உள்ளே சிறிய பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் வாங்கினால் இந்தச் சங்கடம் வராது. வைஃபை பல்புக்கு வேறொரு சங்கடம்: கரண்ட் வந்ததும் ரவுட்டர் தானாக உயிர்பெற வேண்டும், பல்பும் பழைய கட்டளைக்குத் திரும்ப வேண்டும். கிளம்புவதற்கு முன்பு மெயின் சுவிட்சை ஒரு பத்து நிமிடம் அணைத்துப் போட்டு, எது எது தானாகத் திரும்புகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம்.

அந்தி நேரத்தைப் பொறுத்தவரை பாபநாசத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருப்பதால், வருஷம் முழுக்கச் சூரியன் மறைவது கிட்டத்தட்ட மாலை 5.45-க்கும் 6.40-க்கும் நடுவில் அடங்கிவிடும். லண்டனில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டுகிறது. ஜூனில் கடிகாரம் 9 மணியைத் தாண்டிய பிறகுதான் பொழுது சாய்கிறது. அங்கே டைமரை அடிக்கடி மாற்ற வேண்டும், இங்கே அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் தினமும் மிகச் சரியாக 6.30-க்கு எரிந்து 10.30-க்கு அணைகிற விளக்கு மனிதக் கையால் போட்ட விளக்காகத் தெரியாது. மனிதர்கள் அப்படி வாழ்வதில்லை. ஒருநாள் ஆறு மணிக்கே மேகம் மூடும், ஒருநாள் கோயிலுக்குப் போய்வர ஏழு ஆகும். அதனால்தான் நல்ல டைமர்களில், குறித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் சில நிமிடங்கள் தானாகத் தடுமாறும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கூடத்தில் அணைந்த சில நிமிடத்தில் படுக்கையறையில் எரிய வேண்டும். நடுராத்திரியில் பாத்ரூம் விளக்கு ஐந்து நிமிடம் எரிந்து அணைந்தால் இன்னும் நம்பிக்கையாக இருக்கும். ஒரு விளக்கு எரிவதைவிட, விளக்கு அறை விட்டு அறை போவதுதான் ஆள் நடமாட்டத்தைச் சொல்லும்.

ஒரே மாதிரி இருப்பது ஏன் எடுபடாமல் போகிறது என்பதைக் குடமுருட்டி ஆற்றங்கரையில் நாற்றங்கால் போட்டவர்களிடம் கேட்கலாம். முளைகட்டிய விதையைத் தெளித்ததும் புறாவும் மைனாவும் வந்து இறங்கும். வைக்கோல் பொம்மைக்குப் பழைய சட்டையை மாட்டி, தலைக்குச் சட்டியைக் கவிழ்த்து நட்டால் முதல் இரண்டு நாள் பறவைகள் எட்டியே நிற்கும். நாலாம் நாள் மைனா அதன் தோளிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் அனுபவப்பட்டவர்கள் பொம்மையை அவ்வப்போது இடம் மாற்றி நடுவார்கள். காற்றில் படபடத்து ஓசையெழுப்பும் பளபளப்பான நாடாவைக் குறுக்கே கட்டுவார்கள். மூளை அறிவியலில் இதற்குப் பழகிப்போதல் என்று பெயர். எரிக் காண்டல், கடல் முயல் என்ற ஓடில்லாத கடல் நத்தையைத் திரும்பத் திரும்ப மெதுவாகத் தொட்டார். முதல் தொடுகைக்குச் செவுளைச் சட்டென்று உள்ளிழுத்துக்கொண்ட அந்தப் பிராணி, போகப் போக அசட்டையாகிவிட்டது. நரம்புகள் சந்திக்கும் இடத்தில் செய்தி கொண்டுபோகும் ரசாயனம் ஒவ்வொரு தடவையும் குறைவாகச் சுரந்ததே காரணம் என்று அவர் காட்டினார். நினைவு பற்றிய அவருடைய ஆராய்ச்சிகளுக்காக 2000-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மைனாவின் தலைக்குள்ளும், மூன்று மாலை தெருமுனை டீக்கடையில் நின்று ஒரு வீட்டையே கவனிக்கிற ஆளின் தலைக்குள்ளும் நடப்பது இதற்கு வெகு தூரமில்லை. ஆபத்தில்லாத ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், மூளை அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது.

இரவில் தெருவிலிருந்து பார்க்கும்போது ஆள் இருக்கும் வீட்டின் ஜன்னலில் அதிகம் தெரிவது டிவி வெளிச்சம்தான். நீலமும் வெள்ளையுமாகத் திரைச்சீலையில் துடித்துக்கொண்டே இருக்கும். அதைப் போலி செய்ய அமெரிக்காவில் ‘ஃபேக் டிவி’ என்ற பெயரில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். திரையே கிடையாது. பல நிற எல்.இ.டி.க்கள் மாறி மாறி எரிந்து, காட்சி வெட்டுவதையும் வண்ணம் மாறுவதையும் சுவரில் பாய்ச்சும், அவ்வளவுதான். இந்தத் துடிப்பில் எவ்வளவு செய்தி அடங்கியிருக்கிறது என்பதை 2014-இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். ஜன்னலில் விழும் டிவி வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை வெளியிலிருந்து கேமராவில் பதிவு செய்து, தங்களிடம் இருந்த வீடியோக்களின் வெளிச்ச அளவுகளோடு ஒப்பிட்டு, உள்ளே ஓடுவது எந்த நிகழ்ச்சி என்றே கண்டுபிடித்தார்கள். திரை ஒரு கணமும் கண்ணில் படவில்லை. இது அந்தரங்கம் பற்றிக் கவலைப்பட வேண்டிய செய்தியும்கூட.

மின்சார மீட்டரும் பேசும். ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதை 80 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்ல முடியும் என்று சூரிச் தொழில்நுட்பக் கழகத்தினர் 2013-இல் காட்டினார்கள். அதற்கு மறுபக்கமாக, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் வெந்நீர் ஹீட்டரைக் கொண்டே ஒரு திரை போட்டார்கள். ஹீட்டர் எப்படியும் எடுக்கப்போகும் மின்சாரத்தை, ஆளில்லாத நேரங்களிலும் ஆள் புழங்குவது போன்ற தினுசில் பிரித்துப் பிரித்து எடுக்கச் செய்தார்கள். மீட்டர் கணக்கைப் பார்க்கிறவருக்கு வீடு எப்போதும் நிறைந்திருப்பதாகத் தோன்றும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து மீட்டர் பார்க்கும் வீடுகளுக்கு இது தூரத்துக் கவலை. ஸ்மார்ட் மீட்டர் வரும்போது, அந்தக் கணக்கு யார் கையில் இருக்கும் என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

இத்தனை கருவிகளும் சேர்ந்தும் செய்ய முடியாத ஒன்று வாசலில் இருக்கிறது. கோலத்தை டைமர் போடாது. அச்சடித்த ஸ்டிக்கர் கோலம் மாறவே மாறாது, பெயின்டில் போட்டதும் அப்படியே. தினம் ஒரு கை வந்து தெளித்து, பெருக்கி, இழுத்தால்தான் அது அன்றைய கோலம். விலை கொடுத்து வாங்க முடியாத அடையாளம் என்பதால்தான் அதைப் பார்க்கிறவர் நம்புகிறார். காசிக்குப் போகும் குடும்பம் செய்ய வேண்டியது, எதிர்வீட்டுப் படியேறி, “அக்கா, ஒரு பன்னெண்டு நாளைக்கு எங்க வாசல்லயும் தண்ணி தெளிச்சு ரெண்டு இழுப்பு இழுத்துடுங்க” என்று சொல்வதுதான். அந்தக் கோலம் வேறு கைக்கோலம் என்று தெருக்காரர்களுக்குத் தெரியும், இழை முடிகிற விதமே காட்டிக்கொடுக்கும். அதனால் நஷ்டமில்லை. வேஷம் ஏமாற்ற வேண்டியது தெருக்காரரை அல்ல. கொடியில் இரண்டு துண்டை மாற்றி மாற்றிப் போடுவது, பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்வது, கதவிடுக்கில் செருகிய நோட்டீஸ்களை எடுப்பது, எல்லாம் அதே அக்கா வீட்டாரால் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். பயணப் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அக்கம்பக்கத்தின் இந்த வலிமையை இங்கிலாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ராச்டேல் ஊரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் வீட்டுத் திருட்டு மிக அதிகம். 1986-இல் அங்கே தொடங்கிய திட்டத்தில், ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் மறுபடியும் திருட்டுப் போகவே வாய்ப்பு அதிகம் என்பதைக் கண்டு, அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை மட்டும் அதன்மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். பட்டுப்பூச்சியின் கூடு என்று அதற்குப் பெயர். காசு போட்டு எரிக்கும் எரிவாயு, மின்சார மீட்டர்களை அகற்றுவது, பூட்டுகளைப் பலப்படுத்துவது முதலியவையும் சேர்ந்துகொண்டன. மூன்று ஆண்டுகளில் திருட்டுகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்தன. திண்ணை வைத்துக் கட்டிய தெருக்களுக்கு இந்தக் கூடு இயல்பாகவே அமைந்திருந்தது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரியவர்களைத் தாண்டி ஒரு புது முகம் தெருவுக்குள் போக முடியாது. “யார் வீட்டுக்குப்பா?” என்ற கேள்வி வந்து விழும். திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டு அடைத்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் குறைந்துவிட்டார்கள். அந்த இழப்புக்குக் கேமரா ஈடாகவில்லை.

காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று தமிழ்நாடு காவல்துறை வெகுகாலமாகக் கேட்டுக்கொள்கிறது. ரோந்து போகிறவர்கள் அந்த வீட்டையும் எட்டிப் பார்த்து வருவார்கள். ஆந்திரக் காவல்துறை இன்னும் ஒரு படி மேலே போய், செயலியில் பதிவு செய்யும் பூட்டிய வீடுகளுக்குள் அசைவைக் கண்டதும் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்பும் கேமராவைப் பொருத்தித் தருகிறது. அது வீட்டில் ஆள் இருப்பதாகக் காட்டுவதில்லை, இல்லாத நேரத்தில் ஆள் வந்தால் பிடிக்கிறது. இரண்டும் வேண்டியவையே.

பன்னிரண்டு நாள் பயணத்துக்கு இவை போதும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் தங்கிவிட, பெரியவர்களும் அவர்களோடு போய்விட, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடுகளை எந்த டைமராலும் காப்பாற்ற முடியாது. ஒரு ஐப்பசி மழை போதும். முற்றத்தில் பாசி படரும், ஓட்டிடுக்கில் அரசங்கன்று வேர்விடும், கதவு நிலையில் கரையான் ஏறும். கொல்லைப் பக்கம் முழங்கால் உயரப் புல் நின்றால் பின்புறமாக வருகிறவருக்கு மறைவும் கிடைத்துவிடும். இப்படிப்பட்ட வீடுகளுக்கு இந்த ஊர்க்காரர்கள் கண்ட வழி, வாடகை என்று பெரிதாக வாங்காமல், நம்பிக்கையான ஒரு குடும்பத்தை முன்கட்டில் குடிவைப்பது. அங்கே கூடத்து விளக்கு ஒருநாள் ஆறே காலுக்கு எரியும், நடவு நேரத்தில் ஏழரைக்கு எரியும். அந்த வீட்டுப் பெண் வயலிலிருந்து வந்து கால் கழுவி உள்ளே நுழைவதைப் பொறுத்தது அது.